மூடும் ஹோட்டலின் அடுப்புக்கு என்ன விலை?

ஒரு ஹோட்டல் மூடப்பட்டதை ஊர் கவனிப்பது ஷட்டர் இறங்கிய பிறகுதான். அதற்குச் சில நாட்கள் முன்பே, மதிய வியாபாரம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து ஒருவர் வந்துபோயிருப்பார். சமையலறைக்குள் நின்று ஸ்டீல் டேபிளைத் தட்டிப் பார்ப்பார். கிரைண்டரை ஒரு சுற்று ஓடவிடச் சொல்வார். பிரீசர் கதவைத் திறந்து மூடுவார். பிறகு, “தனித்தனியா வேண்டாம், மொத்தமா ஒரு ரேட் சொல்லிடறேன், நாளைக்கே வண்டி அனுப்பறேன்” என்பார். லட்சக்கணக்கில் போட்டுக் கட்டிய சமையலறைக்கு அவர் சொல்லும் ரேட், பெரும்பாலும் பழைய இரும்பின் எடை விலைக்குச் சற்று மேலே நிற்கும். முதலாளியும் பேரம் பேசுவார். ஆனால், டேபிள் துடைக்கும் பையன் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்.

அந்த ரேட்டில் பறிபோவது முதலாளியின் பணம் மட்டும் அல்ல. நொடித்துப்போகும் ஹோட்டலில் கடைசி மாதம் கல்லாவில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. கட்டடத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் வாடகைப் பாக்கியில் கழிந்திருக்கும். மிச்சம் இருக்கும் ஒரே சொத்து சமையலறைச் சாமான்தான். அதை விற்று வரும் பணத்தில்தான் தோசை மாஸ்டரின் கடைசிச் சம்பளம் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தோ பிஹாரிலிருந்தோ வந்து பாத்திரம் தேய்த்தவர் ஊர் திரும்பும் ரயில் கட்டணம் இருக்கிறது. மளிகைக் கடைக்கும் பால்காரருக்கும் காய்கறி மண்டிக்கும் தீர்க்க வேண்டிய பாக்கி இருக்கிறது. சாமான் அடிமாட்டு விலைக்குப் போகும்போது, இந்த வரிசையில் கடைசியாக நிற்பவருக்குக் கை விரிக்கப்படுகிறது. கடைசியாக நிறுத்தப்படுபவர் எப்போதும் தொழிலாளிதான்.

உணவகத் தொழிலில் திறப்பதும் மூடுவதும் என்றைக்கும் இருக்கும். 2020 மார்ச் 25-இல் தொடங்கிய ஊரடங்கு போன்ற பேரிடி எப்போதாவதுதான் வரும். மற்றபடி வாடகை உயர்வு, மாஸ்டர் விலகல், கடைக்கு எதிரே மேம்பால வேலை, கூட்டாளிகளின் பிணக்கு என்று சாதாரணக் காரணங்களே ஒரு ஹோட்டலை மூடப் போதுமானவை. அதே ஊரில், அதே மாதத்தில், நாலு தெரு தள்ளி இன்னொருவர் மெஸ் தொடங்குவதற்காகப் புதுக் கிரைண்டருக்குக் கடன் கேட்டு அலைந்துகொண்டிருப்பார். இவர் விற்க வேண்டியதும் அவர் வாங்க வேண்டியதும் ஒரே சாமான். ஆனால் இருவரும் சந்திப்பதே இல்லை. சாமான் குடோனுக்குப் போய், தேய்த்துப் பாலிஷ் போடப்பட்டு, கணிசமாக விலை ஏறிய பிறகுதான் தொடங்குபவரிடம் வந்துசேர்கிறது.

இடையில் நிற்கும் வியாபாரியை நான் குறை சொல்லவில்லை. அவர் வண்டி வாடகை கொடுக்கிறார், எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார், மாதக்கணக்கில் விற்காத சரக்குக்கு இடம் கொடுத்து வைத்திருக்கிறார். அவருடைய உழைப்பு இல்லாவிட்டால் இந்தச் சாமான்களில் பாதி உருக்காலைக்குத்தான் போகும். மூடுகிறவருக்கு அவர் ஒருவரைத் தவிர வேறு வாசலே இல்லாத நிலைதான் என் கவலை. அந்த நிலையை உருவாக்கியதில் ஒரு பாதி நம் பழக்கம், மறுபாதி நம் வரிச் சட்டம்.

பழக்கத்தை முதலில் பார்ப்போம். கடையை மூடப்போகிறேன் என்று முதலாளி வெளியில் சொன்ன அன்றே மாஸ்டர் வேறு வேலை தேடத் தொடங்குவார். அவர் போனால் மறுநாள் கடையில் தோசை இல்லை. மளிகைக்காரர் கடனுக்குச் சரக்கு அனுப்புவதை நிறுத்துவார். கட்டட உரிமையாளர் கணக்கு நோட்டோடு வந்து நிற்பார். சொந்தபந்தத்துக்கு முன்னால் தலைகுனிவு வேறு. அதனால் கடைசி வாரம் வரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை. விளம்பரம் கிடையாது, நாலு இடத்தில் விலை கேட்பதும் கிடையாது. சாவியை ஒப்படைக்க வேண்டிய தேதி நெருக்கும்போது, விஷயத்தை வெளியே விடாத ஒரே ஒரு வியாபாரிக்குப் போன் போகிறது. ஒரே ஒருவர் மட்டும் வந்து விலை கேட்கும் இடத்தில் அவர் சொல்வதுதான் விலை.

இந்தப் பயத்தை அற்பமாக நினைக்க முடியாது. ஒவ்வொன்றும் நிஜமாக நடக்கக்கூடியது. ஆனால், ரகசியம் காப்பதால் மிச்சமாவதைவிட விலையில் போவது அதிகம் என்பதை முதலாளிகள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. தொழிலாளர்களை உட்காரவைத்து, “இந்தத் தேதியோடு கடையை நிறுத்துகிறேன், சாமான் விற்றதும் உங்கள் கணக்கை முடித்துவிடுகிறேன், அதுவரை கூட இருங்கள்” என்று நேராகச் சொன்னால் எல்லோரும் ஓடிவிடுவதில்லை. வாங்குகிற ஆளை மாஸ்டரே கூட்டிவருவதும் இந்தத் தொழிலில் உண்டு. எந்தத் தெருவில் புதுக் கடை வருகிறது, யார் பரோட்டாக் கல் தேடுகிறார்கள், எந்த கேட்டரிங்காரர் இரண்டாவது கிரைண்டருக்கு அலைகிறார் என்பதெல்லாம் மாஸ்டர்களின் பேச்சில் அன்றாடம் புழங்கும் செய்தி. மூடும் முதலாளிக்குக் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த விற்பனையாளர் அவருடைய கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவரிடமிருந்துதான் விஷயம் மறைக்கப்படுகிறது.

ரகசியத்தின் இன்னொரு விளைவு, சாமான் நின்றுபோன பிறகு விற்பனைக்கு வருவது. சமையலறைச் சாமானுக்கு இரண்டு விலை உண்டு: ஓடும்போது ஒன்று, நின்ற பிறகு ஒன்று. இட்லி வெந்துகொண்டிருக்கும் ஸ்டீமரை நேரில் பார்ப்பவர் அதற்குரிய விலை தருவார். சிலிண்டர் இணைப்பைத் திருப்பிக் கொடுத்து, மின்வாரிய மீட்டரும் துண்டிக்கப்பட்டுவிட்டால் எதையும் ஓட்டிக் காட்ட முடியாது. வாங்க வருகிறவர், எல்லாமே பழுது என்று வைத்துக்கொண்டுதான் விலை சொல்வார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். பூட்டிய சமையலறையில் சாமான் தன்னாலும் கெடுகிறது. கழுவாமல் விட்ட உப்பும் புளியும் ஸ்டீலில் புள்ளி புள்ளியாக அரிக்கும். மாவு காய்ந்த கிரைண்டர் டிரம் நாறும். கதவு மூடியே கிடக்கும் பிரீசருக்குள் பூஞ்சை ஏறி, கதவு ரப்பர் வெடித்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கில் கரப்பான் குடியேறி மின்சாரப் பலகை வரை போகும். மூடுவதென்று முடிவெடுத்துவிட்டால் அடுப்பு அணைவதற்கு முன்பே விற்பனையைத் தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பத்திரிகைகளின் வரி விளம்பரங்களில் ‘ரன்னிங் ஹோட்டல் விற்பனைக்கு’ என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிக் கடையாகவே கைமாற்ற முடிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். முடியாதவர்களும் சாமானையாவது ஓடும் நிலையில் காட்டலாம்.

எந்தச் சாமான் விலையைத் தாங்கும், எது தாங்காது என்பது ஹோட்டல் தொடங்கும்போதே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தாங்குவதில் முதலிடம் கிரைண்டருக்கு. கோவையில் சபாபதி 1955-இல் மின்சார வெட் கிரைண்டரை உருவாக்கியதிலிருந்து அந்த ஊரின் பட்டறைகள் இதில் ஊறியிருக்கின்றன. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஹோட்டல்களில் இருக்கும் டில்டிங் கிரைண்டரின் உள்ளே சிக்கலான எதுவும் இல்லை: மோட்டார், பெல்ட், டிரம், கல். கல் தேய்ந்தால் கொத்திக்கொள்ளலாம். மோட்டார் எரிந்தால் காயில் கட்டலாம். தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் அதைச் சரிசெய்ய ஆள் கிடைப்பார். பழைய கிரைண்டர் விலை போவதற்கு இதுதான் காரணம். பழுதுபார்க்க ஆள் இருக்கும் சாமானுக்குத்தான் இரண்டாம் கையில் மதிப்பு. வெளிநாட்டிலிருந்து தருவித்த ஓவன் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதன் கண்ட்ரோல் போர்டு போய்விட்டால் தேனியிலோ திருவாரூரிலோ அதைத் திறந்து பார்க்க ஆள் இல்லை. வாங்குபவர் அதை எண்ணித்தான் விலையைக் குறைக்கிறார்.

தோசைக் கல்லின் கணக்கு தலைகீழ். புதுக் கல்லில் மாவு ஒட்டும். வெங்காயமும் எண்ணெயுமாகத் தேய்த்துத் தேய்த்துப் பழக்க வேண்டும், முதல் சில நாள் தோசைகள் வீண்தான். பழகிய கல்லில் அந்தத் தொல்லை இல்லை. சமையலறையில் உழைப்பால் மதிப்பு கூடுகிற சாமான் அது ஒன்றுதான் என்பேன். சூட்டில் வளைந்திருக்கிறதா என்று மட்டும் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்துக்கொண்டால் போதும். பித்தளை டீ பாய்லர், அண்டா, தேக்சா போன்றவை எடைக்கே நல்ல விலை போகும். கல்யாண மண்டபக்காரர்களும் கேட்டரிங்காரர்களும் எடைக்கு மேலேயும் தருவார்கள்.

ஸ்டீல் டேபிள், சிங்க், ரேக் ஆகியவற்றில்தான் ஏமாற்றம் அதிகம். 304 தர ஸ்டீல் ஏறக்குறைய 18% குரோமியமும் 8% நிக்கலும் கொண்டது. விலை கூடுதல், எளிதில் துரு பிடிப்பதில்லை. 202 தரத்தில் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். காந்தம் ஒட்டவில்லை என்றால் 304 என்று பலரும் நம்புகிறார்கள். 202-இலும் காந்தம் ஒட்டாது. காந்தம் காட்டிக்கொடுப்பது 430 தரத்தைத்தான். 304-ஐயும் 202-ஐயும் பிரிக்க, பரிசோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, சின்ன பேட்டரியை வைத்து நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் முறை இருக்கிறது. வாங்கிய பில்லில் தரமும் தகட்டின் கேஜும் எழுதப்பட்டிருந்தால் இந்த வாதமே எழாது. அந்தப் பில்லை யாரும் பத்திரப்படுத்துவதில்லை, அல்லது முதலிலேயே பில் போடவில்லை.

இன்னொரு சங்கடம் அளவு. நம் சமையலறைகள் இடத்துக்கு ஏற்ப வெல்டிங் வைத்துக் கட்டப்படுகின்றன. தூணைச் சுற்றி வளைத்துச் செய்த டேபிள் வேறு எந்தச் சமையலறையிலும் உட்காராது; எடைக்குத்தான் போகும். எல்லோரும் செய்யும் பொது அளவில், தனியாக நிற்கும்படி செய்யப்பட்ட டேபிளுக்கு ஆள் உடனே கிடைப்பார். புகைபோக்கிக் கூண்டும் அதன் தகரக் குழாயும் கட்டும்போது பெரும் செலவு, கழற்றும்போது குப்பை. அவற்றை எடுக்க முயலாமல் கட்டட உரிமையாளருக்கோ அடுத்து வருபவருக்கோ ஒரு விலை பேசி விட்டுவிடுவதே நல்லது. பில்லிங் மெஷினுக்குப் பெயருக்குத்தான் விலை.

விற்கவே கூடாத சிலவும் சமையலறையில் இருக்கின்றன. குளிர்பான நிறுவனமும் ஐஸ்கிரீம் நிறுவனமும் வைத்துவிட்டுப் போன கூலரும் பிரீசரும் பெரும்பாலும் அந்த நிறுவனங்களின் சொத்து. 19 கிலோ சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்துடையது. திருப்பிக் கொடுத்து வைப்புத்தொகையைப் பெற வேண்டுமே தவிர லாட்டில் சேர்த்துத் தள்ளக் கூடாது. முத்ரா போன்ற கடனில் வாங்கிய இயந்திரம் வங்கியிடம் அடமானத்தில் இருக்கும். வங்கியின் தடையின்மைச் சான்று இல்லாமல் விற்றால் பின்னால் வழக்கு வரும். இவை எதுவும் மறைபொருள் இல்லை. கெடு நெருக்கும் அந்தக் கடைசி வாரத்தில் எவருக்கும் நிதானமாகப் பிரித்துப் பார்க்க நேரம் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

கட்டட உரிமையாளரோடு வரும் தகராறையும் இங்கே சொல்ல வேண்டும். சுவரில் பொருத்திய ரேக், தரையில் போல்ட் போட்ட கிரைண்டர், கேஸ் குழாய் வரிசை எல்லாம் கட்டடத்தோடு சேர்ந்தது, கை வைக்கக் கூடாது என்று சிலர் மறிப்பார்கள். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108-வது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. குத்தகைக்கு இருப்பவர் தான் பொருத்திய பொருட்களை, குத்தகை முடிந்த பிறகும் இடம் தன் கைவசம் இருக்கும் வரை கழற்றி எடுத்துக்கொள்ளலாம். இடத்தை வாங்கியபோது இருந்த நிலையில் ஒப்படைத்தால் போதும். ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக எழுதியிருந்தால் எழுதியது செல்லும். எனவே, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளிலேயே சாமான் பட்டியலை இணைப்பாக வைத்துவிடுவது புத்திசாலித்தனம். ‘கைவசம் இருக்கும் வரை’ என்பதுதான் இதில் உயிர்நாடி. சாவியைக் கொடுத்துவிட்டு மறுநாள் வந்து கேட்பவருக்குச் சட்டம் துணை நிற்பது கடினம்.

இதுவரை சொன்னவற்றை ஹோட்டல்காரர்களே திருத்திக்கொள்ள முடியும். அவர்களால் முடியாதது வரி.

2017 நவம்பர் 15 முதல் சாதாரண உணவகங்களுக்கு 5% ஜிஎஸ்டி. விகிதம் குறைந்ததற்கு ஈடாக உள்ளீட்டு வரி வரவு எடுக்கும் உரிமை நீக்கப்பட்டது. அதாவது, அரிசிக்கும் எண்ணெய்க்கும் அடுப்புக்கும் கட்டிய வரியை, வாடிக்கையாளரிடம் வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. வணிகச் சமையலறை இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு வரி 18%. ஒருவர் 10 லட்சத்துக்குச் சாமான் வாங்கினால் 1.80 லட்சம் வரி. அது திரும்ப வராது. அவர் முதலீட்டிலேயே அமுங்கிப்போகிறது. இதுவரை கூட ஏற்றுக்கொள்ளலாம், வாடிக்கையாளருக்கு விகிதம் குறைந்ததே என்று.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே சாமானை அவர் 4 லட்சத்துக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற வணிகர் தன் வணிகச் சொத்தை விலைக்குக் கொடுப்பதும் ஜிஎஸ்டி சட்டத்தின் பார்வையில் வரிக்குரிய விற்பனைதான். 4 லட்சத்துக்கு 18% என்றால் 72,000 ரூபாய். வாங்குபவரும் 5% திட்டத்தில் உள்ள ஹோட்டல்காரர் என்றால் அவராலும் இதைக் கழித்துக்கொள்ள முடியாது. ஒரே அடுப்பு, ஒரே கிரைண்டர், ஒரே டேபிளுக்கு 2.52 லட்சம் வரி. அதில் ஒரு ரூபாய்கூட யாருக்கும் வரவாகத் திரும்பாது. மூன்றாவது கைக்குப் போனால் இன்னொரு முறை.

பழைய சாமானுக்கு மறுபடி முழு வரி போடுவது சரியல்ல என்பது அரசுக்குத் தெரியாததல்ல. பழைய பொருள் வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்பவர், உள்ளீட்டு வரி வரவு எடுக்காமல் இருந்தால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்று ஜிஎஸ்டி விதி 32 சொல்கிறது. அந்தச் சலுகை வியாபாரிக்கு. தன் சொந்தச் சாமானை விற்கும் ஹோட்டல்காரர் வியாபாரி அல்ல என்பதால் அவருக்குப் பொருந்தாது.

பழைய வாகனங்களுக்கு இதைவிடத் தெளிவான வழி இருக்கிறது. 2018 ஜனவரி 25-இல் வந்த அறிவிக்கையின்படி, ஒரு நிறுவனம் தான் பயன்படுத்திய காரை விற்றால், வருமான வரிக் கணக்கில் தேய்மானம் கழித்த மதிப்புக்கு மேல் கிடைக்கும் தொகைக்கு மட்டும் ஜிஎஸ்டி. விலை அந்த மதிப்புக்குக் கீழே போனால் வரியே இல்லை. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய 55-வது ஜிஎஸ்டி மன்றம் பழைய கார்களுக்கான விகிதத்தை 18% என்று ஒன்றாக்கியபோதும், வித்தியாசத்துக்கு மட்டுமே வரி என்ற அடிப்படையைத் தொடவில்லை.

இதே கணக்கை நம் ஹோட்டல்காரருக்குப் போட்டுப் பாருங்கள். வரியோடு சேர்த்து அவர் போட்டது 11.80 லட்சம். ஆண்டுக்கு 15% வீதம் முழுதாக நான்கு ஆண்டுத் தேய்மானம் கழித்தால் ஏட்டு மதிப்பு ஏறக்குறைய 6.16 லட்சம். விற்பதோ 4 லட்சத்துக்கு. கார் என்றால் ஒரு பைசா வரி கிடையாது. கிரைண்டர் என்பதால் 72,000. ஒரே முதலாளி, ஒரே நாளில், தன் பழைய காரையும் பழைய கிரைண்டரையும் நஷ்டத்தில் விற்றால், ஊர் சுற்றிய கார் வரி இல்லாமல் போகும், நாளெல்லாம் மாவரைத்துப் பலருக்குச் சம்பளம் போட்ட கிரைண்டருக்கு முழு வரி. எவ்வளவு யோசித்தாலும் இதற்கு ஒரு நியாயம் எனக்குப் புலப்படவில்லை.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்: பில் போடுவதே இல்லை. ரொக்கம் கைமாறுகிறது, வண்டி இரவில் வருகிறது. பில் இல்லாததன் விலையை எல்லோரும் சுமக்கிறார்கள். இரண்டாம் கைச் சாமான் வாங்கிச் சிக்கனமாகத் தொடங்க நினைக்கும் ஒரு மெஸ்கார அம்மாவுக்கு வங்கி கடன் தர, காட்டுவதற்கு ஒரு கோட்டேஷனோ இன்வாய்ஸோ வேண்டும். பில் இல்லாததால், பாதிக் காசில் முடிய வேண்டியதைக் கடன் வாங்கிப் புதிதாக வாங்குகிறார். தொழில் தொடங்கும்போதே தவணை கழுத்தில் ஏறிவிடுகிறது. திருட்டுச் சாமானும் அடமானச் சாமானும் நல்ல சாமானோடு கலந்து வருகின்றன. பத்து நாளில் கம்ப்ரஸர் நின்றுபோனால் போய்க் கேட்க முகவரி இல்லை.

பாதுகாப்பும் இதில்தான் தொங்குகிறது. பழைய பர்னரின் வால்வு கசியும், ரெகுலேட்டரின் ரப்பர் பழுதாகும், வெடித்த டியூபைத் துணி சுற்றிக் கொடுப்பார்கள். பெரிய சமையலறைகளின் நீராவிக் கொதிகலன், அளவும் அழுத்தமும் வரம்பைத் தாண்டினால் பதிவும் ஆய்வுச் சான்றும் இல்லாமல் ஓட்டக் கூடாத பொருள். எந்தக் காகிதமும் இல்லாமல் கைமாறும் சரக்கில் இவற்றை யார் சோதிப்பது? சமையலறைக்குள் நிற்பது முதலாளி அல்ல, மாஸ்டரும் உதவியாளரும்தான்.

பிரீசர் விஷயம் இன்னும் மோசம். எடைக்கு வாங்கியவர் முதலில் செய்வது, தாமிரக் குழாயை நறுக்குவது. உள்ளே இருக்கும் குளிர்வாயு அந்த நொடியே காற்றில் கலக்கிறது. வணிகப் பிரீசர்களில் பரவலாக உள்ள ஆர்-404ஏ, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 3,900 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கும் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டது. பிரீசர்கள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வருபவை. வாயுவைக் கருவி வைத்து உறிஞ்சி எடுத்த பிறகே பிரிக்க வேண்டும். பிரீசர் ஓடும் சாமானாக விற்கப்பட்டால் இந்தக் கேள்வியே சில ஆண்டுகளுக்கு எழாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பழைய சாமான் வியாபாரத்தை ஒழுங்கோடும் மரியாதையோடும் நடத்த முடியும் என்பதற்கு ஜப்பானில் எடுத்துக்காட்டு உண்டு. 1949-ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கே பழைய பொருள் வியாபாரிக்கு உரிமம் வேண்டும். விற்பவர் யார் என்று சரிபார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். டோக்கியோவில் அசகுசாவுக்கும் உவேனோவுக்கும் இடையே உள்ள கப்பபாஷி, உணவகச் சாமான்களுக்கென்றே பெயர்பெற்ற கடைத்தெரு. 1997-இல் தொடங்கிய டென்போஸ் என்ற நிறுவனம், மூடிய உணவகங்களின் சாமானை வாங்கி, சுத்தப்படுத்தி, பழுதுபார்த்து, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு விற்பதிலேயே வளர்ந்து பங்குச் சந்தைக்குப் போனது. அங்கே அப்படி வாங்கித் தொடங்குவதை யாரும் குறைவாகப் பார்ப்பதில்லை.

நம் மாவட்டங்களிலும் ஹோட்டல் உரிமையாளர் சங்கங்கள் இருக்கின்றன. சங்கத்தின் பொறுப்பில் ஒரு கொட்டகை, ஒரு கேஸ் இணைப்பு, ஒரு மும்முனை மின் இணைப்பு, சோதித்துச் சீட்டு எழுதித்தர ஒரு மெக்கானிக். இவ்வளவு இருந்தால் மூடுகிறவரின் சாமான் ஓடும் நிலையில் நாலு பேர் கண்ணில் படும். தொழிற்பேட்டைகளில் காலியாகக் கிடக்கும் கொட்டகைகளில் ஒன்றை அரசு இதற்கு வாடகைக்குக் கொடுத்தால் போதும், மானியம் தேவையில்லை. யார் விற்கிறார் என்று ஊருக்குத் தெரியாமல் சாமானை மட்டும் பட்டியலில் போட ஒரு ஏற்பாடு இருந்தால் முதலாளிகளின் தயக்கமும் பாதி போய்விடும். விற்ற தொகையில் தொழிலாளர் சம்பளப் பாக்கியை முதலில் கழித்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தை முதலாளியிடம் தருவதைச் சங்கம் தன் விதியாகவே வைக்க வேண்டும். இதில் எனக்குச் சமரசம் இல்லை. பெயர் வெளியே வராமல் நல்ல விலை வாங்கித் தரும் இடத்தில் இந்த ஒரு நிபந்தனையைக் கேட்கச் சங்கத்துக்கு உரிமை உண்டு.

வரியில் கேட்க வேண்டியதும் சிறியதுதான். உள்ளீட்டு வரி வரவை முழுதாகத் திரும்பக் கொடுங்கள் என்று உணவக அமைப்புகள் நெடுநாளாகக் கேட்டுவருகின்றன. அது பெரிய தொகை, எளிதில் கிடைக்காது. அதற்குக் காத்திருக்காமல், 2018-இல் பழைய வாகனங்களுக்குக் கொடுத்த அதே முறையை, உள்ளீட்டு வரி வரவு எடுக்காத உணவகங்களின் சமையலறை இயந்திரங்களுக்கும் நீட்டிக்கும்படி தமிழ்நாடு அரசு ஜிஎஸ்டி மன்றத்தில் முன்மொழியலாம். இதனால் அரசின் வருவாயில் துண்டு விழும் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். இன்று இந்த விற்பனைகளில் பெரும்பகுதிக்குப் பில்லே இல்லை என்பதால் வரியும் வரவில்லை. பில் போடுவது யாருக்கும் நஷ்டமில்லை என்றானால், சாமானை வாங்கிப் பழுதுபார்த்து விற்கும் வியாபாரியின் லாபமாவது கணக்குக்குள் வரும். அதற்குரிய வரியும் வரும்.